மருந்துக்குத் தடை இல்லையாம்

அன்புள்ள ஐயா,

ஈரான் மீதான பொருளாதாரத் தடை பற்றிய உங்கள் உரையைக் கேட்டேன். போரைவிடத் தடை மேல் அல்லவா? மருந்துக்கும் உணவுக்கும் அமெரிக்கா விலக்கு கொடுத்திருக்கிறது. தட்டுப்பாட்டுக்கு ஆட்சியாளர்களின் ஊழல்தானே காரணம்? மக்கள் அவர்களைத் தூக்கியெறிந்தால் தடையும் போய்விடும். இதைவிட்டால் வேறு என்ன வழி?

முரளி, ஈரோடு

அன்புள்ள முரளி,

தடை இருந்தும் 2025 ஜூனில் குண்டு விழுந்தது. ஊழல் உண்டு, மருந்துக்கான அன்னியச் செலாவணி வந்துசேரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்ன சுகாதார அமைச்சர் மர்சியே வாஹித் தஸ்த்ஜெர்தியை 2012 டிசம்பரில் பதவிநீக்கியது அந்த அரசு. மக்கள் தூக்கியெறியட்டும் என்கிறீர்கள். 2019 நவம்பரிலும், ஹிஜாப் விதிக்காகப் பிடிக்கப்பட்ட மாசா அமினி என்ற இளம்பெண் காவலில் இறந்த 2022இலும் தெருவில் இறங்கிச் சுடப்பட்டவர்கள் யாராம்? ஈரோட்டில் உட்கார்ந்துகொண்டு அவர்களுக்கு வீரம் கற்பிக்காதீர்கள்.

அந்த 'விலக்கு'தான் சில வாரங்களாக என்னைத் தூங்கவிடவில்லை.

எபிடெர்மோலிசிஸ் புல்லோசா என்றொரு பிறவி நோய். லேசாக உரசினாலே தோல் கொப்புளித்து உரியும். இந்தக் குழந்தைகளைப் பட்டாம்பூச்சிக் குழந்தைகள் என்பார்கள். இவர்களுக்குச் சாதாரணத் துணிக்கட்டுப் போட்டால் புண்ணோடு ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும்போது புதிதாக வளர்ந்த தோலும் சேர்ந்து வரும். ஒட்டாத சிலிக்கான் நுரைக்கட்டு சுவீடனிலிருந்து ஈரானுக்குப் போய்க்கொண்டிருந்தது. 2018இல் அமெரிக்கா மறுபடி தடை விதித்ததும் அந்த நிறுவனம் அனுப்புவதை நிறுத்திவிட்டது. கட்டுத்துணிக்குத் தடை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

என் அம்மாவின் படுக்கைப்புண்ணுக்குக் கட்டு மாற்றியவன் நான். காய்ந்த துணியில் உப்புநீரை ஊற்றி, ஊறும்வரை காத்திருந்து, நூல் நூலாகப் பிரிப்பேன். அவள் கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். "மெதுவாடா" என்றுகூடச் சொல்லமாட்டாள். அது ஒரே ஒரு புண். உடம்பெல்லாம் புண்ணான பிள்ளைக்கு இதைச் செய்யும் தாயிடம் போய்ச் சொல்லுங்கள், விலக்கு இருக்கிறது என்று.

விற்கலாம், சரி. பணம் எந்த வழியாக வரும்? 2018 நவம்பரில் ஈரானின் பல வங்கிகளை, நாடுகளுக்கிடையே பணம் அனுப்ப வங்கிகள் பயன்படுத்தும் செய்தி வலையமைப்பான ஸ்விஃப்ட் துண்டித்தது. அதற்கு முன்பே, 2014இல், சூடான், ஈரான், கியூபா மீதான தடைகளை மீறியதற்காக பிரான்ஸின் பிஎன்பி பரிபா வங்கி அமெரிக்காவிடம் கட்டியது ஏறத்தாழ 890 கோடி டாலர். அதைப் பார்த்த பிறகு, ஒரு பெட்டிக் கட்டுத்துணியின் பில்லுக்காக எந்த வங்கி துணியும்? கப்பல்காரரும் காப்பீட்டுக்காரரும் அப்படித்தான் ஒதுங்கினார்கள். மருந்துக்கும் உணவுக்கும் உள்ள தடங்கலை நீக்கு என்று 2018 அக்டோபரில் சர்வதேச நீதிமன்றம் உத்தரவிட்டது. அன்றைக்கே அமெரிக்கா, வழக்குக்கு அடிப்படையாக இருந்த 1955ஆம் ஆண்டு ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது.

வேறு வழி கேட்டீர்கள். பிரிட்டனும் பிரான்ஸும் ஜெர்மனியும் 2019இல் இன்ஸ்டெக்ஸ் என்று தனிப் பணவழி ஒன்றைத் தொடங்கின. 2023இல் மூடும்வரை அதில் முழுதாக நடந்தேறியது ஒரே ஒரு பரிவர்த்தனை. ஈரான் ஒத்துழைக்கவில்லை என்பது அவர்கள் சொல்லும் காரணம், இருக்கட்டும். மருந்துக்கான பணத்தைத் தொடும் வங்கிக்கு அபராதம் வராது என்று அமெரிக்கா எழுத்தில் உறுதி தரட்டும், வங்கி வங்கியாக. நான் கேட்பது அதைத்தான்.