இரண்டு நூல் விளையாட்டுப் பட்டம் என்றால் என்ன? முதல் பட்டத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

சாதாரணப் பட்டத்துக்கு ஒரே நூல். ஸ்போர்ட் கைட் எனப்படும் விளையாட்டுப் பட்டத்துக்கு இரண்டு நூல், கைக்கு ஒன்று. வலது நூலை இழுத்தால் வலப்பக்கம் திரும்பும், இழுத்தே பிடித்தால் வட்டமடிக்கும். 1970-களில் இங்கிலாந்தின் பீட்டர் பவல் செய்து விற்ற பட்டங்கள்தான் இதைப் பலரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தன.

ஏன் திரும்புகிறது? ஒரு நூலை இழுத்தால் அந்தப் பக்க இறக்கை நம்மை நோக்கிச் சாய்கிறது. இரண்டு இறக்கையிலும் காற்று ஒரே மாதிரி படாததால் மூக்கு அந்தப் பக்கம் திரும்புகிறது. வண்டிமாட்டைக் கயிற்றால் திருப்புவது போலத்தான். வெடுக்கென்று இழுத்தால் மாடும் மிரளும், பட்டமும் தலைகுப்புற விழும்.

முதல் பட்டம் முக்கோண வடிவில், இறக்கை ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் அகலத்தில் இருக்கட்டும். ரொம்பச் சின்னது வேண்டாம், கண்மூடித் திறப்பதற்குள் சுழன்றுவிடும். கார்பன் குச்சி எடை குறைவு, மென்காற்றிலும் பறக்கும். ஆனால் ஆரம்பத்தில் பலமுறை தரையில் மோதும், அதனால் வளைந்து கொடுக்கும் ஃபைபர்கிளாஸ் குச்சிதான் என் தேர்வு. நூல் இழுபடாத வகையாக இருக்கவேண்டும். ரப்பர் மாதிரி நீண்டால் கை சொல்வது பட்டத்துக்குத் தாமதமாகப் போகும். மணிக்கு 10 முதல் 25 கிலோமீட்டர் காற்று, மரமும் மின்கம்பியும் இல்லாத கடற்கரை, போதும்.

வட்டமடித்ததும் நூல்கள் முறுக்கிக்கொண்டால் பட்டம் கைவிட்டுப் போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். வழவழப்பான நூல் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதால், சில முறுக்கு விழுந்தாலும் பட்டம் சொன்னபடி கேட்கும்.