கூடத்தில் கச்சேரி: கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

வீட்டுக் கச்சேரிகள் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்துவிட்டு எங்கள் வீட்டிலும் ஒன்று நடத்திப் பார்த்தோம். நாட்டுப்பாடல் பாடும் ஒருவரையும் அவருக்குக் கிதார் வாசிக்கும் நண்பரையும் அழைத்திருந்தோம். கூடத்தில் முப்பது பேர் உட்காரலாம். நாற்பத்தைந்து பேர் வந்தார்கள். மைக்கும் ஒலிபெருக்கியும் வாடகைக்கு எடுத்திருந்தோம். எல்லாம் இருந்தும் நாங்கள் நினைத்தது நடக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள், முன்னால் இருந்தவர்கள் போனில் படம் பிடித்தார்கள். முடிந்ததும் ஒரு பெட்டியை வைத்து ‘விருப்பமுள்ளவர்கள் போடலாம்’ என்றேன். எண்ணிப் பார்த்தால் கலைஞர்கள் வந்துபோன செலவுக்கே காணவில்லை. மீதியை நாங்கள் போட்டுக் கொடுத்தோம்.

இனி டிக்கெட் போடலாமா? வீட்டுக்கு வருபவர்களிடம் காசு கேட்பது அசிங்கம் என்கிறார் என் மனைவி. இன்னும் நல்ல ஒலிபெருக்கி எடுத்திருக்க வேண்டுமா? கடைசியாக, நாட்டுப்பாட்டு திறந்தவெளியில் பிறந்தது, அதைக் கூடத்தில் கொண்டுவந்து உட்கார வைப்பதே தப்பு என்று ஒரு நண்பர் சொல்லிவிட்டார். அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். எனக்கு உங்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. முப்பது பேருக்கான இடத்துக்கு நாற்பத்தைந்து பேர் எப்படி வந்தார்கள்? வாட்ஸ்அப் குழுக்களில் போட்டுவிட்டிருப்பீர்கள், அவர்கள் இன்னும் நாலு பேருக்கு அனுப்பியிருப்பார்கள். பாடகரைத் தேர்ந்தெடுக்க எத்தனை நாள் யோசித்திருப்பீர்கள்? கேட்க வருபவர்களைத் தேர்ந்தெடுக்க ஒரு நிமிடம்கூடச் செலவழிக்கவில்லை. என் அனுபவத்தில் வீட்டுக் கச்சேரி கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். நல்ல பாடகரை அரங்கத்தில் எவரும் கேட்டுக்கொள்ளலாம். கேட்பவர்களைத் தேர்ந்தெடுக்கும் வசதி வீட்டில் மட்டும்தான் உண்டு. அதை விட்டுவிட்டால் அப்புறம் உங்கள் கூடம் வெறும் சின்ன அரங்கம், அதுவும் வசதி குறைந்த அரங்கம்.

ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷூபர்ட் 31 வயது வரைதான் வாழ்ந்தார். தன் படைப்புகளை மட்டுமே வைத்து அவர் நடத்திய பொதுக் கச்சேரி ஒன்றே ஒன்று. அது 1828 மார்ச் 26இல் நடந்தது, அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் இறந்துவிட்டார். மற்றபடி வியன்னாவில் அவருடைய பாட்டுகள் பெரும்பாலும் நண்பர்கள் வீட்டில்தான் ஒலித்தன. அந்த மாலைகளுக்கு ‘ஷூபர்டியாடே’ என்று அவர் பெயரையே வைத்திருந்தார்கள். நண்பர்களில் ஒருவரான ஓவியர் மோரிட்ஸ் ஃபான் ஷ்விண்ட், 1868இல், அதாவது நாற்பது வருடம் கழித்து, அப்படி ஒரு மாலையை நினைவிலிருந்து வரைந்தார். பியானோவில் ஷூபர்ட், பக்கத்தில் பாடகர் ஃபோகல், சுற்றிலும் நெருக்கியடித்துக்கொண்டு ஒரு கூட்டம். அந்தப் படத்தை எப்போதாவது பார்த்தால், கேட்பவர்களை அவர் எப்படி முகம் முகமாக வரைந்திருக்கிறார் என்று கவனியுங்கள். அவருடைய நினைவில் பாட்டோடு சேர்ந்து அவர்களும் தங்கியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். அமெரிக்காவின் என்பிஆர் வானொலி நடத்தும் ‘டைனி டெஸ்க்’ கச்சேரிகளைப் பார்த்திருப்பீர்கள். அலுவலக மேசைக்குப் பின்னால் நின்று பாடுவார்கள். அது 2008இல் தொடங்கியதற்குக் காரணமே உங்களுக்கு நடந்த அதே கதைதான். லாரா கிப்சன் என்ற பாடகியைக் கேட்கப் போன வானொலிக்காரர்கள் இருவருக்கு, கூட்டத்தின் பேச்சில் பாட்டே காதில் விழவில்லை. ‘பேசாமல் எங்கள் மேசைக்கு வந்து பாடிவிடுங்களேன்’ என்று விளையாட்டாகச் சொன்னார்கள். அவர் நிஜமாகவே வந்து பாடிவிட்டார்.

சரி, ஒலிபெருக்கி. எடுத்திருக்கவே வேண்டாம். எங்கள் வீட்டு முதல் கச்சேரியில் நானும் எடுத்தேன். ஒலிபெருக்கிப் பெட்டியைச் சுவரோரமாக வைத்தோம். பாடகி நடுவில் உட்கார்ந்து பாடுகிறார், குரல் மூலையிலிருந்து வருகிறது. கண் ஒரு பக்கம், காது ஒரு பக்கம். ஆறேழு மீட்டர் நீளமுள்ள அறையில், பேச்சுக்குரலில் பாடினாலே கடைசி வரிசைக்குக் கேட்கும். வெட்டவெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் இறங்கும். அறைக்குள் சுவர்கள் ஒலியைத் திருப்பித் தருவதால் அந்த அளவுக்குக்கூட இறங்காது. இன்னொரு தொல்லையும் உண்டு. சுற்றிலும் சத்தம் கூடினால் மனிதர்கள் தங்களை அறியாமல் குரலை உயர்த்துவார்கள், லொம்பார்ட் விளைவு என்று அதற்குப் பெயரே இருக்கிறது. உங்கள் ஒலிபெருக்கி ஏற ஏறப் பின்வரிசைப் பேச்சும் ஏறியிருக்கும். மைக் இல்லாதபோது பக்கத்தில் இருப்பவர் தொண்டையைச் செருமினாலே எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், அதனால் பேச்சு தானாக அடங்கும்.

கிதார் குரலை அமுக்குகிறது என்றால் அதற்கும் மைக் தீர்வு இல்லை. கிதார்காரரை அரையடி பின்னால் தள்ளி உட்காரச் சொல்லுங்கள். பிக் (தந்தியை மீட்டும் சின்ன வில்லை) வைத்து வாசிக்கிறவர் என்றால் விரலால் வாசிக்க முடியுமா என்று கேளுங்கள். விரல் என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஒரு பாட்டுக்கு மட்டும் என்று ஆரம்பித்தால் சம்மதிப்பார்கள்.

அறையை முந்தின நாளே ஒரு தடவை தட்டிப் பாருங்கள். நான் சொல்வது கைதட்டல். பாடகர் உட்காரப்போகும் இடத்தில் நின்று ஒரே ஒரு தட்டு. ‘ட்ரிங்’ என்று வால் நீண்டால், எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டும் மொட்டையாக இருக்கின்றன என்று பொருள். ஒரு பக்கம் புத்தக அலமாரியோ கனத்த திரையோ இருந்தால் போதும். ஆனால் இதில் ரொம்பவும் கவலைப்பட வேண்டாம், ஏனென்றால் மீதி வேலையை வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். 1895இல் ஹார்வர்டில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரைக் கூடத்தில் எதிரொலி தாங்காமல் பாடமே புரியவில்லை. அதைச் சரிசெய்யும் வேலை வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. அவர் இன்னொரு அரங்கத்தின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிவந்து அடுக்கி, ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு நிறுத்தி, சத்தம் அடங்க எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தார். காலிக் கூடத்தில் 5.62 விநாடி. மெத்தைகளையெல்லாம் போட்ட பிறகு 1.14. மனித உடம்பும் உடுத்தியிருக்கும் துணியும் மெத்தை வேலைதான் செய்கின்றன. மாலையில் காலி அறையில் ஒத்திகை பார்க்கும் பாடகர் ‘அடடா, என்ன முழக்கம்’ என்று மகிழ்வார். ஆள் நிறைந்ததும் அது போய்விடும். இதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் இரண்டு பாட்டுக்குத் தொண்டையைப் போட்டு வருத்திக்கொள்வார்.

ஆள் நிறைந்தால் வெப்பமும் ஏறும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் உடம்பு ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளியே விடுகிறது. முப்பது பேர் என்றால் 3,000 வாட், பெரிய ஹீட்டர் ஒன்றை நடுக்கூடத்தில் போட்டுவிட்ட மாதிரி. வெப்பத்தில் எஃகுத் தந்தி நீண்டு தளரும், கிதாரின் சுருதி இறங்கும். புல்லாங்குழலுக்கு நேரெதிர். காற்று சூடானால் ஒலியின் வேகம் கூடும், சுருதி ஏறும். ஒவ்வொரு டிகிரிக்கும் கிட்டத்தட்ட 3 சென்ட், அதாவது அரைச்சுரத்தில் நூறில் மூன்று பங்கு. ஒருமுறை எங்கள் வீட்டில் குழலும் மண்டலினும். முதல் பாட்டில் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டும் நாலாவது பாட்டில் முகம் கொடுத்துப் பேசவில்லை. மண்டலின்காரர் எட்டுத் தந்தியையும் முறுக்கி முடிப்பதற்குள் குழல்காரர் ஒரு கதையே சொல்லி முடித்துவிட்டார். நல்ல கதைதான். ஆனாலும் அன்றிலிருந்து நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை இடைவேளை விட்டு, ஜன்னல்களைத் திறந்துவைக்கிறேன்.

ஃபிரிட்ஜை மறந்துவிடாதீர்கள். பகலில் அது ஓடுவதே தெரியாது. ஒருமுறை எங்கள் வீட்டில் தாளமில்லாத ஒரு ஒப்பாரிப் பாட்டு. பாடகி ஓர் அடியை முடித்து மூச்செடுத்த அந்த இடத்தில், சமையலறையிலிருந்து ‘ம்ம்ம்’ என்று தொடங்கியது. அவர் கண்ணை மூடியபடியே அரைக்கணம் தயங்கினார். அந்த ரீங்காரம் அவர் சுருதியோடு சேரவும் இல்லை, முழுக்க விலகவும் இல்லை. அடுத்த அடியை மேலே எடுக்கவேண்டியவர் கீழே எடுத்தார். முடிந்ததும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. நானாகப் போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். மறுநாள் காலையில்தான் ஞாபகம் வந்தது, உள்ளே இருந்தது பாதி கெட்டுப்போயிருந்தது. ஒலிப்பதிவுக்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஃபிரிட்ஜை அணைக்கும்போது வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுவார்கள். போட மறந்தால் வீட்டுக்குப் போகவே முடியாது.

இனி காசு விஷயம். உங்கள் மனைவி சொல்வதில் பாதி சரி. வீட்டு வாசலில் டிக்கெட் கிழிக்க வேண்டாம். அசிங்கம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. டிக்கெட் விற்றால் பல நாடுகளில் உங்கள் கூடம் வணிக அரங்கமாகிவிடும், அனுமதி, வரி, காப்பீடு என்று வரிசையாக வரும். காசே வாங்காவிட்டாலும் பதிப்புரிமை தனி விஷயம். அமெரிக்கச் சட்டத்தில், ஒரு குடும்பமும் அதன் வழக்கமான பழக்கவட்டமும் போக, வெளியாட்கள் கணிசமாகக் கூடினால் எந்த இடமாக இருந்தாலும் அது பொது நிகழ்த்தல்தான். உங்கள் ஊர்ச் சட்டத்தை ஒருமுறை விசாரித்துவிடுங்கள். பழைய நாட்டுப்பாட்டுக்கு உரிமையாளர் இல்லை என்றாலும், அண்மையில் ஒருவர் அதற்கு அமைத்த இசைக்கு இருக்கலாம்.

உங்கள் மனைவி சொல்வதில் மீதிப் பாதிக்கு நான் உடன்படவில்லை. காசு கேட்பதில் அசிங்கம் இல்லை, கடைசி நேரத்தில் கேட்பதில்தான் இருக்கிறது. கிளம்பும் அவசரத்தில், செருப்பைத் தேடிக்கொண்டிருப்பவரிடம் ‘விருப்பமுள்ளவர்கள்’ என்றால் அவர் சில்லறையைத்தான் தேடுவார். அழைப்பிலேயே எழுதிவிடுங்கள்: இன்ன தொகை எதிர்பார்க்கிறோம், முழுவதும் கலைஞர்களுக்கு, முடியாதவர்கள் தராமலும் வரலாம். கலைஞரிடம் முதலிலேயே பேசி ஒரு குறைந்தபட்சத் தொகைக்கு வாக்குக் கொடுங்கள், குறைந்தால் நீங்கள் போடுங்கள், கூடினால் அதுவும் அவருக்கே. வீட்டுக்காரர் ஒரு காசும் எடுக்கக் கூடாது, நாற்காலி வாடகைக்குக்கூட. அதை எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு முதல் கவரை நீங்கள் போடுங்கள். பெட்டி இடைவேளையில் இருக்கட்டும். மீதியை நீங்கள் கைக்காசாகப் போட்டுக் கொடுத்தீர்கள் பாருங்கள், உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான். பெட்டியில் விழுந்ததை அப்படியே நீட்டிவிட்டு, ‘நாலு பேருக்கு உங்களைத் தெரிந்ததே’ என்று சொல்லி அனுப்புகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

உங்கள் நண்பரின் பேச்சு ஏன் உறுத்துகிறது என்று புரிகிறது, அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. குச்சியால் அடிக்கும் பெரிய தோல் கருவிகளையும் ஆடிப் பாடும் வடிவங்களையும் கூடத்தில் அடைக்கக் கூடாது. காதும் வலிக்கும், ஆடுபவருக்குக் கையும் இடிக்கும். ஆனால் நாட்டுப்பாட்டு முழுவதும் வெட்டவெளியில் பிறந்தது என்று அவருக்கு யார் சொன்னது? தாலாட்டு எங்கே பிறந்தது? அதைக் கேட்கிறவர் ஒரே ஒருவர், அவரும் தூங்கிவிட்டால்தான் பாடியவருக்கு வெற்றி. மாவரைத்துக்கொண்டும் நூல் நூற்றுக்கொண்டும் பாடிய பாட்டெல்லாம் வீட்டுக்குள் இருந்தவைதான். ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் இன்று கூட்டமாக ஆடிப் பாடும் விழாவைக் குறிக்கும் ஒரு கேலிக் மொழிச் சொல் இருக்கிறது. உச்சரிப்பு கிட்டத்தட்ட நம்முடைய ‘கேலி’தான். அதன் பழைய பொருள், ஒருவர் வீட்டுக்கு இன்னொருவர் போய்வருவது. இரவில் பக்கத்து வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பாட்டும் கதையுமாகக் கழிப்பது, அவ்வளவுதான். எனவே எந்தப் பாட்டு கூடத்துக்குப் பொருந்தும் என்பதைப் பாடகரிடம் விட்டுவிடுங்கள். மேடைக்காக வைத்திருக்கும் பாட்டுகளை ஒதுக்கிவிட்டு, தன் வீட்டில் கேட்டுக் கற்றவற்றைப் பாடச் சொன்னால் முதலில் கூச்சப்படுவார். அப்புறம் நிறுத்துவது கஷ்டம்.

போன் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும்: கடைசிப் பாட்டுக்கு மட்டும் படம் எடுக்கலாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். தடை போட்டால் ஒளித்து எடுப்பார்கள், நேரம் கொடுத்தால் காத்திருப்பார்கள். அறிமுக உரையும் இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். இதை நான் பதினைந்து நிமிடம் பேசிக் கற்றுக்கொண்டேன்.

அடுத்த கச்சேரிக்கு வேறு ஆளைத் தேடாதீர்கள், அதே இருவரையே கூப்பிடுங்கள். இருபது பேர் போதும், மைக் வேண்டாம். யாரைக் கூப்பிடுவது என்று குழம்பினால் அந்தப் பாடகரிடமே கேளுங்கள். அன்றைக்கு வந்த நாற்பத்தைந்து பேரில் யார் யார் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று அவருக்குத் தெரியும். பெயர் தெரியாவிட்டாலும், எந்த ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார், என்ன நிறச் சட்டை என்று சொல்வார்.