குடித்த பிறகு பம்பில் வருவது மிச்சப் பால்

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "மகனுக்கு இரண்டு மாதம். பிறந்ததும் மஞ்சள் காமாலைக்கு லைட்டில் வைத்தார்கள். அன்று முதல் பம்ப் செய்து புட்டியில்தான் கொடுத்தேன், ஒரு தடவைக்கு 4 அவுன்ஸ் வரும். இப்போது நேரடியாகப் போடுகிறேன். அவன் குடித்த பிறகு பம்ப் செய்தால் ஒரு அவுன்ஸ்கூட வருவதில்லை. பால் வற்றிவிட்டது, பால்மாவு வாங்கு என்கிறார் மாமியார். உண்மையா?"

வற்றவில்லை. நீங்கள் அளந்தது மகன் குடித்து முடித்த பிறகு மிஞ்சியதை. எல்லாரும் சாப்பிட்ட பிறகு பானையைப் பார்த்து, இன்று சமைத்ததே இவ்வளவுதான் என்று யாராவது சொல்வார்களா? மார்பு முன்போல் கல்லாக இல்லாமல் தளர்ந்திருப்பதும் இந்த மாதத்தில் இயல்பு. பிள்ளையின் தேவைக்குச் சுரப்பு பழகிவிட்டது, அவ்வளவுதான்.

பார்க்க வேண்டியது பேம்பர்ஸும் எடையும். 24 மணி நேரத்தில் ஆறு பேம்பர்ஸாவது நன்றாக நனைய வேண்டும். வாரத்துக்கு 150 கிராம் வாக்கில் எடை ஏற வேண்டும். எப்போதும் ஒரே தராசில், துணி இல்லாமல் நிறுங்கள்.

புட்டியை ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். விடியற்காலையில் மார்பு நிறைந்திருக்கும், பிள்ளையும் பசியில் கத்தாமல் அரைத்தூக்கத்தில் இருப்பான். அங்கிருந்து தொடங்கி, சில நாளுக்கு ஒன்றாகப் புட்டி வேளைகளை மாற்றுங்கள். புட்டியில் உடனே பால் வந்து பழகியவன் மார்பில் பொறுமை இழப்பான். முதலில் கையால் கொஞ்சம் பீய்ச்சி, பால் இறங்கத் தொடங்கியதும் வாயில் வையுங்கள். எந்த வேளைக்குப் புட்டி கொடுக்கிறீர்களோ, அந்த வேளைக்குப் பம்ப் செய்தே ஆக வேண்டும். எடுக்காத பால் மார்பில் தேங்கினால் சுரப்பு குறையும். "நீ தூங்கு, ராத்திரிப் புட்டியை நான் கொடுக்கிறேன்" என்று பாட்டி பாசமாகச் சொல்வார். பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் இரவில்தான் அதிகம், அந்த வேளையை விட்டுக்கொடுக்காதீர்கள்.

37 வாரம் முடியும் முன் பிறந்த பிள்ளைக்கு மட்டும் கணக்கு வேறு. இதைப் படிக்கும் மற்றத் தாய்மார்களுக்காக அழுத்திச் சொல்கிறேன். அப்படிப்பட்ட பிள்ளை நாலு தடவை சப்பிவிட்டு மார்பிலேயே தூங்கிவிடும். பார்ப்பவர் வயிறு நிறைந்தது என்பார். நிறைந்திருக்காது, களைத்திருக்கும். நேரடியாகக் குடித்தே எடை சீராக ஏறுகிறது என்று தெரியும்வரை ஒவ்வொரு முறையும் குடித்த பிறகு பம்ப் செய்து, அந்தப் பாலையும் கொடுக்க வேண்டும். குறைமாதப் பிள்ளைக்கு யார் சொன்னாலும் பம்பை அவசரமாக நிறுத்தாதீர்கள்.

அப்புறம் இந்த வாட்ஸ்அப் வியாபாரிகள். ஒரு தாய் பயந்திருக்கிறாள் என்று தெரிந்தால் போதும், பால் பெருக்கும் பவுடர், பிஸ்கட், கேப்சூல் என்று ஒரு செட்டாக வந்து நிற்கும். ஆலோசகர் என்று போட்டுக்கொண்டு பம்பையும் பவுடரையும் சேர்த்து விற்பவரிடம் ஆலோசனை கேட்காதீர்கள், பால் போதவில்லை என்றுதான் சொல்வார். கேப்சூல் பெட்டியில் எம்ஏஎல் (MAL) என்று தொடங்கும் சுகாதார அமைச்சின் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டியும் இல்லையென்றால் தொடவே வேண்டாம். வெந்தயக் கேப்சூல் சர்க்கரை அளவைக் குறைக்கக்கூடும், வயிற்றுப்போக்கும் வரலாம். வீட்டில் வைக்கும் முருங்கைக்கீரையும் பூண்டும் தாராளமாகச் சாப்பிடுங்கள், ஆனால் பிள்ளை சப்பாத மார்பில் எந்தக் கீரையும் பால் வரவழைக்காது.

இந்தத் தாய்க்கு லைட் வைத்த வார்டிலேயே ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து மார்பில் போடக் கற்றுக்கொடுத்திருந்தால் இரண்டு மாதம் புட்டியோடு போராடியிருக்க மாட்டார். கிளினிக்கில் எடையை எழுதி, ஊசி போட்டு, அடுத்த நம்பரைக் கூப்பிடுகிறார்கள். பிள்ளை எப்படி வாய் வைக்கிறது என்று பார்க்கப் பத்து நிமிடம் இல்லையாம்! நீங்கள் விடாதீர்கள். "மிஸி, என் முன்னால் ஒரு தடவை பால் குடிப்பதைப் பாருங்கள்" என்று நர்ஸிடம் கேட்டு உட்காருங்கள்.

பம்பை விற்றுவிட வேண்டாம். 98 நாள் பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குப் போகும்போது அது தேவைப்படும். எடுத்த பால் வெளியில் 4 மணி நேரம்தான் தாங்கும், நம் வெயிலுக்கு அவ்வளவும் வைக்காதீர்கள். ஐஸ் கட்டி வைத்த பையில் போட்டு, வீட்டுக்கு வந்ததும் ஃப்ரிட்ஜில் வைத்து 4 நாளுக்குள் கொடுத்துவிடுங்கள்.