ஒளிரும் பறக்கும் தட்டு: கடைக்காரர் தரும் பட்டியலை அப்படியே வாங்கலாமா?

கேள்வி: சுழலும் வேகத்துக்கேற்ப நிறம் மாறும் பறக்கும் தட்டு ஒன்றை இரவில் விளையாடுவதற்காக நானே செய்ய விரும்புகிறேன். 175 கிராம் தட்டும், அர்டுயினோ புரோ மினி என்ற நிரலெழுதி இயக்கும் சிறு போர்டும் கையில் இருக்கின்றன. அசைவை அளக்கும் ஜிஒய்-521 சென்சார், நிரலால் நிறம் மாற்றக்கூடிய 16 டபிள்யூஎஸ்2812பி எல்.இ.டி.கள், 150 மில்லியாம்பியர்-மணி லித்தியம் பாலிமர் பேட்டரி, டிபி4056 சார்ஜிங் போர்டு ஆகியவற்றைக் கடைக்காரர் பரிந்துரைக்கிறார். சென்சாருக்குப் பதிலாக 200 ஜி (ஒரு ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கத்தின் அளவு) வரை அளக்கும் விலை கூடிய ஒன்றையும் காட்டுகிறார். எதை வாங்குவது?

பதில்: விலை கூடிய சென்சார் தேவையில்லை. ஜிஒய்-521 போர்டில் உள்ள எம்பியு-6050 சிப்பின் கைரோ (சுழற்சி வேகத்தை அளக்கும் பகுதி) நொடிக்கு 2000 பாகை, அதாவது ஐந்தரைச் சுற்று வரையே அளக்கும் என்பதும், மணிக்கட்டைச் சுண்டி எறியும் தட்டு அதைத் தாண்டிவிடக்கூடும் என்பதும் உண்மைதான். ஆனால் அதே சிப்பில் 16 ஜி வரை அளக்கும் முடுக்கமானியும் இருக்கிறது. தட்டு நொடிக்கு 8 முறை சுழலும்போது மையத்திலிருந்து 10 செ.மீ. தள்ளி ஏறத்தாழ 26 ஜி முடுக்கம் இருக்கும், 2 செ.மீ. தள்ளி அது 5 ஜி மட்டுமே. எனவே, சிப் மையத்திலிருந்து 2 செ.மீ. தொலைவில் அமையும்படி ஒட்டி, நிரலில் அளவெல்லையை 16 ஜிக்கு மாற்றிக்கொண்டால் (தொடக்கத்தில் அது 2 ஜியில்தான் இருக்கும்), முடுக்கத்தின் வர்க்கமூலத்தைக் கொண்டு வேகத்தைக் கணக்கிடலாம்.

நான் ஏற்காதது சார்ஜிங் போர்டைத்தான். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் டிபி4056 போர்டு, அதிலுள்ள 1.2 கிலோ ஓம் மின்தடையால் 1 ஆம்பியர் வரை மின்னோட்டம் தரும். 150 மில்லியாம்பியர்-மணி பேட்டரியின் கொள்ளளவோடு ஒப்பிட்டால் இது ஆறு மடங்குக்கும் மேல். பேட்டரி உப்பும், தீப்பிடிக்கவும் கூடும். அந்த மின்தடையை 10 கிலோ ஓமாக மாற்றினால் மின்னோட்டம் சுமார் 130 மில்லியாம்பியராகக் குறையும். சிறிய மின்தடையைச் சாலிடர் செய்து பழக்கமில்லையென்றால், குறைந்த மின்னோட்டச் சார்ஜரையே கேட்டு வாங்குங்கள்.

பேட்டரியைப் பாதுகாப்புச் சர்க்யூட் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். 16 எல்.இ.டி.களும் முழு வெண்மையில் எரிந்தால் கிட்டத்தட்ட 960 மில்லியாம்பியர் கேட்கும்; இந்தப் பேட்டரி பத்து நிமிடம்கூடத் தாங்காது. ஒற்றை நிறம், கால்பங்குப் பிரகாசம் என்று நிரலில் கட்டுப்படுத்தினால் ஏறத்தாழ ஒரு மணி நேரம் விளையாடலாம், இருட்டில் அந்த வெளிச்சமே போதும். எடை ஒரு பக்கம் சாய்ந்தால் தட்டு தள்ளாடும் என்பதால் பேட்டரியை நடுவிலும், சென்சாருக்கு எதிர்ப்புறத்தில் அர்டுயினோவையும் வையுங்கள். தரையில் மோதும் பொருள் இது. பேட்டரியைச் சுற்றி மென்மையான ஃபோம் ஒட்டுங்கள், சற்றே உப்பியதாகத் தெரிந்தாலும் மறுபடி சார்ஜ் செய்யாமல் கழற்றிவிடுங்கள்.