கொல்லைத் தோட்டம்: கேட்டதும் சொன்னதும்

காவிரிப் பாசனப் பகுதியில் வீட்டுத் தோட்டம் போடுபவர்கள் கேட்ட கேள்விகளும், எனக்குத் தெரிந்த பதில்களும்.

கும்பகோணத்திலிருந்து: அக்கா, புது வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் கொல்லை இருக்கிறது. சுத்தக் களிமண். வெயிலில் வெடிக்கிறது, மழையில் சொதசொதவென்று ஆகிவிடுகிறது. எங்கே தொடங்குவது?

தம்பி, அது காவிரி கொண்டுவந்து சேர்த்த மண். சத்துக்குக் குறைவே இல்லை, காற்றோட்டம்தான் இல்லை. மக்கிய சாணி எரு, இலைச்சருகு, ரைஸ் மில்லில் கிடைக்கும் உமி எல்லாவற்றையும் கலந்து கொத்திவிடுங்கள். சேறாக இருக்கும்போது மண்வெட்டி போடாதீர்கள், கட்டி தட்டிவிடும்.

பாத்தியை ஓர் அடி உயர்த்தி மேட்டுப்பாத்தியாக வையுங்கள். நம் பக்கத்துத் தோட்டங்களுக்கு வெயிலைவிட ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிய சோதனை. தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். ஆடியில் விதைத்தால் அடைமழைக்குள் அவரையும் புடலையும் பந்தல் ஏறிவிடும். கத்தரி, மிளகாயை நாற்றுவிட்டு நடுங்கள். தக்காளியை மழை ஓய்ந்து தையில் வைத்துக்கொள்ளலாம்.

தஞ்சாவூரிலிருந்து: மாடியில் புடலையும் பீர்க்கும் போட்டிருக்கிறேன். பூக்கிறது, ஆனால் காய் பிடிக்காமல் உதிர்ந்துவிடுகிறது. உரம் போதவில்லையா?

உரத்தைத் தொடாதீர்கள். முதலில் பூவைப் பாருங்கள். வெறும் காம்பில் நிற்பது ஆண் பூ. பூவுக்குக் கீழே விரல் நகம் அளவுக்குப் பிஞ்சு இருந்தால் பெண் பூ. இந்தக் கொடிகளில் முதலில் ஆண் பூதான் வரும், அது உதிர்வது இயல்பு. பெண் பூவும் பிஞ்சோடு பழுத்து விழுந்தால் மகரந்தம் சேரவில்லை என்று அர்த்தம். புடலையும் பீர்க்கும் சுரையும் பொழுது சாயும்போது மலர்பவை. இவற்றுக்கு அந்திப்பூச்சிகள் வரவேண்டும். மாடியில் அவை வருவது குறைவு.

அதனால் விளக்கு வைக்கும் நேரத்தில் மேலே போங்கள். அன்று மலர்ந்த ஆண் பூவைப் பறித்து இதழை நீக்கிவிட்டு, பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவிவிடுங்கள். பூசணிக்கும் பாகலுக்கும் இதே வேலையைக் காலையில் செய்ய வேண்டும். பலித்திருந்தால் சில நாட்களில் பிஞ்சு நீள ஆரம்பிக்கும். நம் கை பட்டுப் பிடித்த பிஞ்சைத் தினமும் போய்ப் பார்ப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, அனுபவித்துப் பாருங்கள். புடலம்பிஞ்சு சுருள ஆரம்பித்தால் நுனியில் சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள், நேராக இறங்கும்.

மயிலாடுதுறையிலிருந்து: குண்டுமல்லி புதராக மண்டிவிட்டது. பூ மட்டும் குறைந்துகொண்டே வருகிறது.

புதுத் தளிரில்தான் மொட்டு வரும். நவம்பர் கடைசியில், மழை விட்டிருக்கும் நாளாகப் பார்த்து, தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டுவிட்டு மேலே உள்ளதையெல்லாம் வெட்டிவிடுங்கள். மனசு கேட்காது, ஆனாலும் வெட்டுங்கள். தூரைச் சுற்றிக் கொத்தி எரு வையுங்கள். மார்ச்சிலிருந்து மொட்டு கட்ட ஆரம்பிக்கும். முல்லை இருந்தால் அதை ஜனவரி கடைசியில் வெட்டுவது வழக்கம்.

மன்னார்குடியிலிருந்து: கறிவேப்பிலை ஒற்றைக் குச்சியாக உயர்ந்து போகிறது.

இலை இலையாக உருவாமல், கொத்தோடு நுனியைக் கிள்ளுங்கள். பக்கக் கிளை வெடிக்கும். புளித்த மோரில் நிறையத் தண்ணீர் கலந்து எப்போதாவது ஊற்றலாம்.

திருவாரூரிலிருந்து: வீட்டில் எல்லோரும் கேட்கிறார்கள், மார்க்கெட்டில் கத்தரிக்காய் கிடைக்காமலா போய்விட்டது என்று. இதில் லாபம் உண்டா, அம்மா?

கணக்குப் போட்டால் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. ஆனால் குழம்பு கொதிக்கும்போது கொல்லைக்கு ஓடிப்போய் நாலு கத்தரிப் பிஞ்சைப் பறித்து, காம்பு வாடுவதற்குள் நறுக்கிப் போட்டிருக்கிறீர்களா? விருந்தாளி வந்த அன்று நம் மரத்து வாழை இலையை அறுத்துப் போடும்போது வருகிற பெருமையை எந்தக் கணக்கில் எழுதுவது? வைகாசி, ஆனியில் நாலு மஞ்சள் கிழங்கை ஊன்றிவையுங்கள். பொங்கலன்று பானையில் கட்ட மஞ்சள் கொத்து தேடி அலைகிற கூட்டத்தில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். பக்கத்து வீட்டுக்கும் ஒரு கொத்து போகும்.

இன்னொன்றும் உண்டு. காலையில் சும்மா ஒரு சுற்றுச் சுற்றி வருகிறவருக்குத்தான் கத்தரியின் நுனி வாடித் தொங்குவது கண்ணில் படும். உள்ளே துளைப்பான் புழு இருக்கும். அன்றே அந்த நுனியை வெட்டி அழித்துவிட்டால் மருந்துச் செலவு மிச்சம். எனக்குப் பிடித்த பராமரிப்பு முறையே இந்தச் சுற்றுதான்.

வேதாரண்யத்திலிருந்து: எங்கள் போர் தண்ணீர் உப்பு. கஜா புயலில் தென்னை, முருங்கை எல்லாம் போய்விட்டன. மறுபடி என்ன வைக்கலாம்?

2018 நவம்பர் 16 அதிகாலையை உங்கள் பக்கத்தில் யாராலும் மறக்க முடியாது. மறுபடி நடுகிறேன் என்கிறீர்களே, அதுவே எனக்கு நிறைவாக இருக்கிறது. தென்னையும் சப்போட்டாவும் உப்பை ஓரளவு தாங்கும். அவரை, பீன்ஸ் வகைகள் தாங்காது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் உப்பு மேல்மண்ணிலேயே தங்கும். இடைவெளி விட்டு, ஆழமாக இறங்கும்படி பாய்ச்சுங்கள். தூரில் வைக்கோலோ தென்னை மட்டையோ போட்டு மூடுங்கள். மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து, கீரைக்கும் நாற்றுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முருங்கை முறிகிற மரம். ஐப்பசிக்கு முன்பே கிளை கழித்துவிட்டால் காற்றுக்குப் பிடி குறையும்.

பாபநாசத்திலிருந்து: நாட்டுப் புடலை விதையை நானே எடுத்து வைக்க ஆசை. எப்படி?

நோயில்லாத கொடியில் நல்ல காயாக ஒன்றைத் தேர்ந்து, பறிக்காமல் சிவக்கப் பழுக்க விடுங்கள். விதையைக் கழுவி நிழலில் உலர்த்தி, சாம்பலில் புரட்டிக் காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். அப்புறம், தெருவில் இரண்டு வீட்டுக்காவது நாலு விதை கொடுத்து வையுங்கள். உங்கள் கொடி மழையில் போய்விட்டாலும் அங்கே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.