வியன்னாவிலிருந்து மெல்க் மடம்: மூட்டுவலியுள்ள தாயாருடன் ஒரு நாள்

வணக்கம். மூட்டுவலியுள்ள தங்கள் தாயாருடன் வியன்னாவிலிருந்து ஒரே நாளில் மெல்க் மடத்தைப் பார்த்துத் திரும்ப இயலுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக இயலும், ரயிலில் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம்தான். நிலையத்திலிருந்து மடம் நடக்கும் தூரமே என்றாலும் வழி ஏற்றமாக இருப்பதால் டாக்சியில் சென்றுவிடுங்கள். காலின் வலுவை உள்ளே செலவிட வேண்டியிருக்கும்: பேரரசர் நடைகூடம் மட்டுமே 196 மீட்டர் நீளம், நூலகத்திலிருந்து தேவாலயத்துக்கு இறங்குவதோ சுழல் படிக்கட்டு. மாற்றுவழி உண்டா என்று நுழைவுச்சீட்டு வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

1089 முதல் பெனடிக்ட் சபைத் துறவிகள் வாழ்ந்துவரும் இம்மடத்தில் அவசரப்படக் கூடாத இடம், என்னைக் கேட்டால், பளிங்கு மண்டபம்தான். பெயர்தான் பளிங்கு, கதவுச் சட்டங்கள் போக, சுவரெல்லாம் சுதைவேலை. நடுவில் நின்று பால் ட்ரோகரின் விதான ஓவியத்தை அண்ணாந்து பார்த்தால், தட்டையான கூரை வளைந்தெழுவதாகத் தோன்றும். அதையடுத்து டான்யூப் நதியை நோக்கிய திறந்த மாடம். தாயார் அங்கே சற்று இளைப்பாறலாம்.