பெரிய துப்பாக்கி கேட்ட தம்பிக்கு

தம்பி, கிரீன் கார்டு வந்த கையோடு டெக்ஸாஸில் தனி வீட்டுக்குக் குடிபோய்விட்டாய், சந்தோஷம். "அண்ணா, வீட்டுப் பாதுகாப்புக்கு ஒரு பிஸ்டல் வாங்கப் போகிறேன். வாங்குவதுதான் வாங்குகிறோம், சின்னதாக எதற்கு? செமி ஆட்டோமேட்டிக்கில் இருப்பதிலேயே பலமானது எது? டெசர்ட் ஈகிளா, 45-ஆ, 10 எம்எம்-ஆ?" என்று கேட்டிருக்கிறாய். நான் இந்த நாட்டுக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இதே கேள்வியோடு நானும் ஒரு கடை வாசலில் நின்றவன் என்பதால் உன்னைப் பார்த்துச் சிரிக்க எனக்குத் தகுதி இல்லை.

முதலில் டெசர்ட் ஈகிள் கதையைச் சொல்லிவிடுகிறேன். துப்பாக்கி சுட்டுப் பழகும் ஒரு ரேஞ்சில் 50 காலிபர் டெசர்ட் ஈகிளை வாடகைக்கு எடுத்தேன். காலிபர் என்பது குண்டின் அகலம்; 50 என்றால் அரை அங்குலம். கையில் வாங்கியதுமே தோள் லேசாக இறங்கியது. குண்டு போடாமலே கிட்டத்தட்ட இரண்டு கிலோ. முதல் தடவை விசையை இழுத்தபோது கண்ணெதிரே ஒரு நெருப்புப் பந்து. பிஸ்டலின் மூக்கு கூரையைப் பார்த்தது. வெளியே தெறித்த சூடான காலி உறை நெற்றியில் வந்து அடித்தது. இரண்டாவது குண்டு உள்ளே சரியாக ஏறாமல் சிக்கிக்கொண்டது. துப்பாக்கியில் பழுது என்றுதான் நினைத்தேன். அங்கே மேற்பார்வைக்கு இருந்த பெரியவர் என் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டி, பழுது இங்கே என்றார்.

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. செமி ஆட்டோமேட்டிக்கில் ஒவ்வொரு சூட்டுக்கும் ஸ்லைடு என்ற மேல்பகுதி பின்னால் ஓடி, காலி உறையைத் தள்ளி, திரும்பும்போது அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டும். ஸ்லைடு ஓடும்போது பிடி அசையாமல் நிற்க வேண்டும். கை தளர்ந்தால் அந்த ஓட்டம் பாதியில் நின்றுபோகும். டெசர்ட் ஈகிள் இதில் இன்னும் முரண்டு பிடிக்கும். மற்ற பிஸ்டல்கள் பெரும்பாலும் உதைப்பின் வேகத்தில் இயங்குகின்றன. இதுவோ ரைஃபிள் மாதிரி, குழலிலிருந்து கொஞ்சம் வாயுவைத் திருப்பி, அந்த அழுத்தத்தால் இயங்குகிறது. அந்த வாயு போகும் துளை அடைத்துக்கொள்ளும் என்பதால் செம்பு உறை இல்லாத வெறும் ஈயக் குண்டைப் போடக் கூடாது. மேகசினில், அதாவது தோட்டாக் கூட்டில், ஏழே குண்டு. தோட்டா விலையோ சாதாரண 9 எம்எம் தோட்டா விலையைப் போலப் பல மடங்கு. ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு நாலு குண்டு சுட்டுச் சிரிக்க அருமையான சாமான். நடுராத்திரி தூக்கக் கலக்கத்தில் எடுக்க வேண்டிய சாமான் இல்லை.

பலம் பலம் என்கிறாயே, அதைக் கொஞ்சம் எண்ணில் பார். 9 எம்எம் குண்டு குழலைவிட்டு வெளியேறும்போது அதன் ஆற்றல் சுமார் 500 ஜூல். நீ கேட்ட 45-இன் தோட்டா, 45 ஏசிபி-யும் ஏறக்குறைய அவ்வளவுதான்! குண்டு பெரியது, கனமானது, ஆனால் மெதுவாகப் போகிறது. முழு வேகத்தில் நிரப்பிய 10 எம்எம் 800, 900 ஜூல் வரை போகும். டெசர்ட் ஈகிளின் 50 ஏ.இ. தோட்டா மட்டும் 2000 ஜூலைத் தொடும்.

45-க்கு இருக்கும் பெயர் வேறு வழியில் வந்தது. பிலிப்பைன்ஸ் சண்டையில் 38 காலிபர் ரிவால்வர் போதவில்லை என்று அமெரிக்க ராணுவம் குறைபட்டது. ஜான் பிரவுனிங் வடிவமைத்த 45 பிஸ்டலை 1911-ல் ஏற்றுக்கொண்டது. 1985-ல் 9 எம்எம் பெரெட்டா வரும்வரை அதுதான் ராணுவத்தின் முக்கியக் கைத்துப்பாக்கி. தாத்தா, அப்பா, பேரன் என்று மூன்று தலைமுறை தொட்ட பொருள் என்பதால் அந்த வருடத்தையே பெயராகக் கொண்ட 1911 பிஸ்டல் என்றாலே இந்த ஊர்க்காரர்கள் உருகுவார்கள்.

10 எம்எம் கதைதான் உனக்கு முக்கியம். 1986 ஏப்ரலில் மயாமியில் எஃப்பிஐ ஆட்களுக்கும் இரண்டு கொள்ளையர்களுக்கும் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரண்டு ஏஜென்ட்கள் இறந்தார்கள், ஐந்து பேர் காயம்பட்டார்கள். கொள்ளையரில் ஒருவன் மீது ஆரம்பத்திலேயே பாய்ந்த 9 எம்எம் குண்டு இதயத்தை எட்டாமல் நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் அவன் சுட்டுக்கொண்டே இருந்தான். பெரிய தோட்டா வேண்டும் என்று எஃப்பிஐ 10 எம்எம்-முக்குப் போனது. உதைப்பு பலருக்கு ஒத்துவரவில்லை. முதலில் தோட்டாவில் வெடிமருந்தைக் குறைத்தார்கள். குறைத்த பிறகு அவ்வளவு நீள உறை எதற்கு என்று 1990-ல் 40 எஸ் அண்ட் டபிள்யூ என்ற குட்டைத் தோட்டா பிறந்தது. அதுவும் கையைக் கடித்தது. குண்டுகளின் வடிவமைப்பு இதற்குள் நன்றாக முன்னேறியிருந்தது. 2015 வாக்கில் எங்கே தொடங்கினார்களோ அந்த 9 எம்எம்-முக்கே திரும்பிவிட்டார்கள். பயிற்சி எடுத்த ஏஜென்ட்டுக்கே இந்தக் கதி என்றால், மாதம் ஒருமுறை ரேஞ்சுக்குப் போகும் ஐடி ஆசாமிகள் நாம் எம்மாத்திரம்?

அதற்காக 10 எம்எம் வீண் என்று சொல்லவில்லை. கரடி உலவும் காட்டில் முகாம் போடுகிறவனுக்கு அது நியாயமான தேர்வு. கிரீன்லாந்தில் நாய்வண்டியில் ரோந்து போகும் டென்மார்க்கின் சிரியஸ் படை, பனிக்கரடிக்காக வைத்திருப்பது கிளாக் 20 என்ற 10 எம்எம் பிஸ்டல். உன் வீட்டுக் கொல்லைக்குக் கரடி வராது. உன் வீட்டுச் சுவரோ வெறும் ஜிப்சம் பலகை. 9 எம்எம் கூட அதைத் துளைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போகும். அந்தப் பக்கம் யார் படுத்திருப்பார்கள் என்று நீயே யோசித்துக்கொள்.

சரி, பெரிய காலிபர்தான் வேண்டும் என்று அடம் பிடித்தால், முழு இரும்பில் செய்த 1911 வாங்கு. ஒரு கிலோவுக்குச் சற்றுமேல் எடை, அதனால் உதைப்பைப் பாதி அதுவே விழுங்கிவிடும். தோட்டாக்கள் ஒற்றை வரிசை என்பதால் பிடி மெலிது. நம்மில் பலருக்குக் கை சின்னது. கிளாக் 20-இன் தடித்த பிடியைச் சுற்றி விரல் விசைக்கு எட்டவே சிரமப்படும். ஆனால் 1911-ஐத் தயார் நிலையில் வைப்பதென்றால் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து, சேஃப்டி போட்டு வைக்க வேண்டும். எடுக்கும்போது சேஃப்டியைத் தள்ளும் பழக்கம் கட்டைவிரலுக்கு வர வேண்டும். என்னைக் கேட்டால் நடுத்தர அளவில் ஒரு 9 எம்எம், மிச்சக் காசுக்குத் தோட்டா, ஒரு பயிற்சி வகுப்பு. நீ கேட்க மாட்டாய், தெரியும்.

காகித வேலை. கிரீன் கார்டு இருப்பதால் நீ வாங்கலாம். கடையில் பிஸ்டல் வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். கடையில் நிரப்பித் தரும் 4473 படிவத்தில் உன் கிரீன் கார்டில் உள்ள ஏ-நம்பரை எழுத வேண்டும். கஞ்சா பயன்படுத்துகிறாயா என்ற கேள்விக்கு, மாநிலச் சட்டம் அனுமதித்தாலும் மத்தியச் சட்டத்தை வைத்துத்தான் பதில். பொய் எழுதினால் அதுவே குற்றம். துப்பாக்கிக் குற்றம் கிரீன் கார்டுக்காரனை நாடு கடத்தவும் போதும், மறக்காதே. எச்-1பி வேலை விசாவில் இருக்கும் உன் நண்பனிடமும் சொல்லிவை: வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் தவிர அவன் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது, ரேஞ்சில் வாடகைக்கு எடுப்பதும் அதில் சேர்த்திதான். அவனுக்காக உன் பெயரில் வாங்கினால் இரண்டு பேரும் மாட்டுவீர்கள். டெக்ஸாஸில் அஜாக்கிரதையாகத் தோட்டாவோடு விட்டுவைத்த துப்பாக்கி பிள்ளைகள் கைக்குக் கிடைத்தால் அதுவும் குற்றம், ஆகவே பிஸ்டலுக்கு முன் பெட்டகத்தை வாங்கு. ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையை இந்தியப் பயணத்துக்கு எடுத்துப் போகாதே. மடிப்பில் ஒரே ஒரு தோட்டா தங்கியிருந்தாலும் அங்கே விமான நிலையத்தில் ஆயுதச் சட்டத்தில் வழக்கு.

வாங்குவதற்கு முன் மூன்றையும் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார். காதுக்குள் அடைப்பான், அதன் மேல் காதை மூடும் மஃப், இரண்டும் போடு. முதல் தடவை என்று மேற்பார்வையாளரிடம் வெட்கப்படாமல் சொல். பெரிய காலிபருக்கு மேகசினில் ஒரே ஒரு தோட்டா மட்டும் போடு. உதைப்பில் கை பதறி விரல் இன்னொரு முறை விசையை அழுத்திவிடும். அப்போது குழல் உன் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றாக ஐந்து சுட்டு, ஐந்தும் ஒரு தட்டளவுக்குள் விழுந்த பிறகு இரண்டாகப் போடு.